ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே

நான் கையில் கடிகாரம் கட்டியதே இல்லை. வாங்க வக்கில்லாமல் அல்ல. போர்ட் பிளேர் லம்பா லைனில் இறங்கி என் வீட்டைக் கேளுங்கள், எந்த ஆட்டோக்காரனும் நேராகக் கொண்டுவந்து விடுவான். இரண்டு டிப்பர் லாரி, கல் உடைக்கும் கிரஷர் ஒன்று, மாடி வீடு, எல்லாம் என் இரண்டு கையால் வந்தவை. பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு முடித்துக்கொண்டவன் நான். எனக்குக் கடிகாரம் தலைக்குள்ளே இருந்தது.

இதைச் சும்மா சொல்லவில்லை. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றிக் கச்சால் தீவில் ரப்பர் வெட்டக் கொண்டுவந்து இறக்கியபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா விடியுமுன் மரங்களைக் கீறிவிட்டு வருவாள். பால் சொட்டி முடிய நேரம் உண்டு. முந்திப் போய்ச் சிரட்டையை எடுத்தால் பால் குறையும், பிந்திப் போனால் கட்டிவிடும், மழையும் கலந்துவிடும். கடிகாரம் கங்காணியிடம் மட்டும்தான் இருந்தது. அம்மா என்னைத்தான் கேட்பாள். "ஆச்சாடா?" நான் யோசிக்கவே மாட்டேன். "இன்னும் இல்ல" என்பேன், அல்லது "ஆச்சு" என்பேன். ஒரு நாளும் தவறியதில்லை. நாலைந்து குடும்பத்துக்கு நான்தான் மணி.

எங்கள் தீவுகளில் சூரியனைப் பார்த்து மணி சொல்ல முடியாது. மெயின்லேண்டில் ஓடும் அதே மணிதான் இங்கேயும் ஓடுகிறது, சூரியன் மட்டும் அதற்குக் காத்திருப்பதில்லை. காலை ஐந்துக்கே வெயில் முகத்தில் அடிக்கும். மாலை ஐந்து தாண்டினால் ஆள் முகம் தெரியாது. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் மூன்றரை மணி வெயிலைப் பார்த்து ஐந்து என்பார்கள். நான் சிரிப்பேன். என் மணி வெயிலில் இல்லை.

இருபது வயதில் கச்சாலை விட்டுப் போர்ட் பிளேருக்கு வந்தேன். கராச்சர்மா தாண்டி வண்டூர் ரோட்டோரம் இருந்த ஒரு கல் குவாரியில் கல் சுமக்கச் சேர்ந்தேன். ஏழே வருஷத்தில் வெடி மேஸ்திரி ஆனேன். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து திணித்து, திரி வைத்துக் கொளுத்துவது என் வேலை. அந்த வேலைக்கு வேண்டியது தைரியம் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். தைரியம் யாருக்கும் வரும். வேண்டியது கணக்குத் தப்பாத நேரம். இத்தனை முழத் திரி இத்தனை நேரம் எரியும், அதற்குள் ஏழு திரியையும் பற்றவைத்து, ஓடி, மறைவில் உட்கார வேண்டும். நான் ஓடியதே இல்லை. நடந்துதான் வருவேன். ராஞ்சியிலிருந்து வந்த கூலி ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள்.

அவர்களுக்கு என்னை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. டீ வேளையில் சூப்பர்வைசரின் கைக்கடிகாரத்தைத் துண்டால் மூடிவிட்டு, "மேஸ்திரி, டைம் போலோ!" என்று கத்துவார்கள். நான் பாறையைப் பார்த்தபடியே சொல்வேன். துண்டை எடுத்தால் முள் அங்கேதான் நிற்கும், மிஞ்சினால் இரண்டு நிமிஷம் முன்னே பின்னே. தோற்றவன் டீ வாங்க வேண்டும். நான் டீக்குச் செலவு செய்ததே கிடையாது. நாளாவட்டத்தில் சூப்பர்வைசரே தன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். குவாரி முழுக்க என் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் மச்சானும் அங்கேதான் வேலை செய்தான். என் சம்சாரத்தின் அண்ணன். கச்சாலிலிருந்து என் பின்னாலேயே வந்தவன். கல் விழுந்து ஒரு காது மந்தம், அதனால் எப்போதும் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் பேசுவான். சம்சாரம் குவாரிக் கொட்டகையில் ஆட்களுக்குச் சோறு ஆக்கினாள். குவாரியில் பாதி எங்கள் குடும்பம்தான் என்று கேலி செய்வார்கள்.

முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். சூப்பர்வைசர் கடிகாரத்தோடு டவுனுக்குப் போயிருந்தார். மழை மூட்டம். ஏழு துளை போட்டு ஏழு திரியையும் கொளுத்திவிட்டு மறைவுக்கு வந்து உட்கார்ந்தேன். வெடிகளை எண்ணுவது முறை. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு வரை வந்தது. ஏழாவது வரவில்லை.

அப்படி ஒன்று நின்றுபோனால் அரை மணி நேரம் யாரும் பாறைப் பக்கம் போகக்கூடாது. திரி உள்ளே செத்திருக்கலாம். சாகாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டும் இருக்கலாம். அரை மணி கழித்து ஒரே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தடவை நான், ஒரு தடவை மச்சான், அது எங்களுக்குள் பேச்சு. அன்று மச்சான் முறை.

மேகம் இறங்கி வந்தது. மூன்றரை, நாலு மணிதான் இருக்கும், ஆனால் விளக்கேற்றுகிற வேளை போல மங்கிவிட்டது. இருட்டிவிட்டால் அந்த வெடியை மறுநாள் வரை விட்டுவைக்க வேண்டும். காலையில் தெரியாமல் எவனாவது அதன்மேல் கால் வைத்தால்? அந்தப் பயத்தில் பாறையையும் மேகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராஞ்சி ஆட்கள் அந்தப் பக்கத்திலிருந்து, "ஹோ கயா க்யா, மேஸ்திரி?" ஆச்சா ஆச்சா என்று இந்தியில் கூவிக்கொண்டே இருந்தார்கள்.

மச்சான் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான். "ஆச்சா மச்சான்?"

"இன்னும் இல்ல."

கொஞ்சம் கழித்து மறுபடி. "ஆச்சா?"

"இரு மச்சான். பொண்ணு பாக்கவா போற? பறக்குற."

"உன் தலையில முள்ளு ஓடுதா, இல்ல சாவி குடுக்கணுமா?"

இருவரும் சிரித்தோம். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். தலைக்குள் கேட்டேன். முப்பத்திரண்டு நிமிஷம் என்று வந்தது. "ஆச்சு" என்றேன்.

அவன் இருபது இருபத்தைந்து அடி நடந்திருப்பான். ஏதோ மறந்தவன் போலத் திரும்பினான். ஒரு செருப்பின் வார் அறுந்து இழுபட்டுக்கொண்டிருந்தது. இடது கையால் முழங்காலைச் சொறிந்தான். அவன் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை, அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அவனுக்குப் பின்னால் பாறை வாய் திறக்கிற மாதிரி மெள்ள விரிந்தது. ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக எழுந்தது. சத்தமே இல்லை. அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நொடிகூட இருந்திருக்காது. என் கல்யாணத்தைவிட, என் பிள்ளைகள் வளர்ந்த காலத்தைவிட, எனக்கு அந்த நொடி நீளம்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டார். முப்பத்திரண்டு நிமிஷம் என்றேன். ராஞ்சி ஆட்களைக் கேட்டார். மேஸ்திரி சொன்னால் சரிதான், அவர் கடிகாரம் தவறாது என்றார்கள். சம்சாரத்தையும் கேட்டார். அழுது வீங்கிய முகத்தோடு நின்றவள், "அரை மணி ஆச்சுங்க ஐயா" என்றாள். திரியில் கோளாறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் பெரிய ஆள் ஆனேன். வெடி வேலையை விட்டேன், பழைய லாரி ஒன்றை எடுத்தேன், கல் ஏற்றினேன், இன்னொன்று வாங்கினேன். அந்தக் கதை சொன்னால் ஒரு புத்தகம் போதாது. ஆனால் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எது ஆறு தடவை சத்தம் போட்டாலும் நான் அப்படியே நின்றுவிடுவேன். கோயில் மணி ஆறு தடவை அடித்து நின்றால், கதவை ஆறு தடவை தட்டிவிட்டு ஓய்ந்தால், ஏழாவது வரும் என்று முதுகு விறைத்துக்கொள்ளும். யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டில் குக்கர் ஐந்து விசிலுக்கு மேல் அடித்ததே இல்லை. ஐந்தாவதில் சம்சாரம் எங்கே இருந்தாலும் வந்து அடுப்பை அணைத்துவிடுவாள். பருப்பு குழையாது என்பதற்காக முன்கூட்டியே ஊறப்போட்டு வைப்பாள். நான் அதைச் சமையல் பக்குவம் என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் எனக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. மெயின்லேண்டிலிருந்து மாதம் ஒருமுறை மூளை டாக்டர் ஒருவர் வருகிறார் என்று சம்சாரம் இழுத்துப்போனாள். சின்ன வயது, மதுரைப் பக்கத்துப் பேச்சு. தாளில் கடிகாரம் வரையச் சொன்னார். நடுங்கும் கையாலேயே பன்னிரண்டு எண்ணையும் சரியாக வைத்தேன்.

"கண்ண மூடிக்கங்கய்யா. மனசுக்குள்ள எண்ணக் கூடாது. ஒரு நிமிஷம் ஆச்சுன்னு தோணுனதும் சொல்லுங்க."

"டாக்டர், இதுல நான் ராஜா" என்றேன்.

அம்பத்தெட்டு வினாடியில் சொன்னேனாம். அவர் மேசையைத் தட்டி, "பிரமாதம்யா!" என்றார். நான் சம்சாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தாள். ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். வெடிமருந்தை மடியில் கட்டிக்கொண்டு பாறையேறினவன்தான், ஆனால் ஊசி என்றால் எனக்கு ஆகாது. ஊசியைப் பார்த்ததும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. டாக்டருக்கு அப்போது என்ன தோன்றியதோ, "ஐயா, இப்ப இன்னொரு தடவை ஒரு நிமிஷம் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "முப்பத்தொம்பது செகண்டுதான்யா ஆச்சு. பயந்துட்டீங்க!"

"பயந்தா?"

"பயம் வந்தா உள்ள இருக்குற கடிகாரம் வேகமா ஓடும்யா. வெளிய கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். உள்ள நெறய போன மாதிரி இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அரை மணி நேரம்னா?"

"அதுவும் குறையலாம். எவ்ளோன்னு சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் மாறும்."

"ஒரு நொடி, ஒரு நாள் மாதிரி நீளுமா டாக்டர்?"

அவர் சிரிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நீளாதுய்யா. அந்த நேரத்துல மூளை ஒண்ணு விடாம எழுதி வெச்சுக்கும். பின்னாடி எடுத்துப் பாக்கறப்போ அவ்வளவு இருக்கே, அதான் நீளமாத் தெரியுது. எத்தனை தடவை பாத்தாலும் தீராது."

நான் தீராமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. முப்பத்தொன்பது வினாடியை ஒரு நிமிஷம் என்று சொன்ன தலை, அந்த மூட்டத்தில், அந்தப் பதைப்பில், எத்தனையை முப்பத்திரண்டு என்று சொல்லியிருக்கும்? அரை மணிக்குள் வெடித்திருந்தால் மச்சானைத் திரி கொல்லவில்லை. நான் சொன்ன ஒரு சொல் கொன்றது. எனக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது. எழுபது வயதில் வேறு என்ன தெரிந்துகொள்ளப் போகிறேன்?

ஒரு நாள் காலையில் சம்சாரத்திடம் சொன்னேன். "குவாரிக்குப் போகணும். நீ போன் கொண்டா. நான் கண்ண மூடி அரை மணி சொல்றேன். நீ டைம் பாரு."

"எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"எனக்கு வேணும்."

"போய் வெயில்ல மயங்கி விழுங்க. தூக்க நான் ஆளுக்கு எங்க போறது?" என்று திட்டிக்கொண்டே பிளாஸ்க்கில் டீ ஊற்றினாள்.

குவாரி மூடி வெகுகாலம். குழி முழுக்கப் பச்சைத் தண்ணீர். சோறாக்கிய கொட்டகை இருந்த இடத்தில் காட்டாமணக்கு வளர்ந்து நின்றது. நாங்கள் உட்கார்ந்த மறைவுப் பாறை மட்டும் அப்படியே இருந்தது. அதில்தான் உட்கார்ந்தேன். ரோடு கூப்பிடு தூரம். வண்டூர் பஸ் ஒன்று போனால் அடுத்தது சரியாக அரை மணியில் வரும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. பத்து மணி பஸ் தாண்டிப் போனதும், "இப்ப ஆரம்பி" என்றேன். அவள் போனைத் தட்டினாள்.

ஆறு கல் பொறுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் எறிந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது விழுந்து வட்டம் விரிந்ததும் கண்ணை மூடினேன்.

முதலில் காற்றின் சத்தம் இருந்தது. பிறகு அது நின்றது. நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. வெயில் முகத்தில் விழுகிறது என்று தெரியும், ஆனாலும் கண்ணுக்குள் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. என் இடது பக்கம் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். சம்சாரம் வலது பக்கம் இருந்தாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். இடது பக்கம் இருந்தவர் தலையைச் சாய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் இல்ல, இன்னும் இல்ல என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பொறுக்க முடிகிற அளவுக்கு மேலும் பொறுத்தேன். முப்பது வந்தது. அதன்மேலும் ஒன்று விட்டேன்.

"ஆச்சு" என்றேன்.

அவள் போனைப் பார்த்தாள். "முப்பத்தொண்ணு. ஒரு நிமிஷம் கூடவே உக்காந்துட்டீங்க."

எனக்கு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தை மாதிரி அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். "பாத்தியா? டாக்டர் என்னத்தக் கண்டான்! என் தலை தப்புமா? நான் அன்னைக்கும் முப்பத்திரண்டுதான் சொன்னேன். ஒரு நிமிஷம் குறைஞ்சிருக்காது." அவள் தலையாட்டினாள். டீயை ஊற்றிக் கொடுத்தாள். நான் பேசிக்கொண்டே குடித்தேன். மச்சான் எப்படிப் பேசுவான், எப்படிச் சிரிப்பான் என்று முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பிறகு மெதுவாக எழுந்து ரோட்டுக்கு வந்து ஆட்டோவுக்காக நின்றோம்.

அப்போது பஸ் வந்தது.

பத்தரை மணி வண்டூர் பஸ். எங்களைத் தாண்டிக்கொண்டு போயிற்று. அதன் தூசி அடங்கியது.

"இன்னைக்கு பஸ் லேட்டு போல" என்றாள்.

என் நெஞ்சு அப்போது அமைதியாக இருந்தது. அமைதியாக இருக்கும்போது என் தலை தப்பாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். 'ஆச்சு' என்று நான் சொன்னதிலிருந்து பஸ் வந்தது வரை தலைக்குள் கேட்டேன். பதினொரு நிமிஷம் என்று வந்தது. அவள் சொன்ன முப்பத்தொன்றோடு கூட்டினால் நாற்பத்திரண்டு, அந்த பஸ் அவ்வளவு பிந்தி வந்ததே இல்லை.

"லேட்டில்ல" என்றேன். "எத்தனை காட்டிச்சு, சொல்லு."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்தொம்பது."

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

"உங்க தலையில அடிச்சு என்ன ஆகப்போகுது? அது ஓடுற லட்சணம்தான் தெரியுதே." பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். ஆறாவது வெடி கேட்டப்போதான் உலையில அரிசியைப் போட்டேன். விறகடுப்புல அரை மணி ஆனா அந்த அரிசி கொழஞ்சிடும். அண்ணனைத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. யாரோ வந்து அடுப்புல தண்ணி ஊத்துனாங்க. அப்ப பானையைப் பாத்தேன். பாதி அரிசி வேகாம அப்படியே கெடந்துச்சு."

"அதிகாரி கேட்டப்போ?"

"என்ன சொல்லச் சொல்றீங்க? அண்ணன் போயாச்சு. உங்களையும் புடிச்சுக் குடுத்துட்டு நான் எங்க போறது? கையில ஒண்ணு, வயித்துல ஒண்ணு. கச்சாலுக்கா? ரப்பர் வெட்டவா?"

"இத்தனை வருஷம் ஒரு வார்த்தை..."

"நீங்க கேட்டீங்களா? ஊரெல்லாம் உங்கள டைம் கேட்டுச்சு. நீங்க யாரைக் கேட்டீங்க?"

ஆட்டோ வந்தது. ஏறினோம். வழியெல்லாம் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முப்பது வருஷமாக என் பக்கத்தில் படுத்து எழுந்தவளை நான் அன்றுதான் பார்த்தேன். அன்று குறைந்துபோன நிமிஷங்களை அவள் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். நான் லாரி வாங்கியதையும் மாடி கட்டியதையும் பேசிக்கொண்டு பக்கத்திலேயே நடந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. யாரிடம் கேட்பது, அவளிடமா, தலை சாய்த்தவனிடமா என்று தெரியாமல் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவள் குளித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று குக்கரில் பருப்பை வைத்தாள். ஊறப்போடவில்லை. பிறகு கூடத்துக்கு வந்து என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தாள். டிவி போடவில்லை. விமானம் ஒன்று கூரைக்கு மேலே இறங்கிப் போயிற்று.

முதல் விசில் அடித்தது. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதுக்கு அவள் பாதத்தைச் சேர்த்து வைத்தாள், எழுந்துகொள்ளப் போகிறவள் போல. ஐந்தாவது அடித்தது. எழுந்துகொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நானும் அணைக்கச் சொல்லவில்லை.

ஆறாவது அடித்து ஓய்ந்தது.

இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஏழாவது வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டால், எனக்குத் தெரியாது.